மூட்டும் மூன்று மாடியும்

முதல் மாடியை எட்டுவதற்குள் சின்னவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு கால் ஒத்துழைத்தால் மறுகால் முரண்டு பிடித்தது. இனி இறங்கவும் ஆள் வேண்டும்.

மூன்றாம் மாடியில் அக்கா இருக்கிறாள், தரைத்தளத்தில் இவள். கல்யாணமானாலும் பிரியக் கூடாது என்று அடம்பிடித்து ஒரே கட்டடத்தில் குடியேறியவர்கள் இருவரும். லிப்ட் இல்லையே என்று அந்த வயதில் யார் யோசித்தார்கள்? இப்போது அவளால் இறங்க முடியவில்லை, இவளால் ஏற முடியவில்லை. கடைசியாகப் பார்த்துக்கொண்டது அத்தான் இறந்த அன்று. உடலைக் கீழே கொண்டுவந்தபோது, மேலே கைப்பிடிச் சுவருக்கு மேல் அக்காவின் தலை மட்டும் தெரிந்தது.

தினமும் காலையில் அக்கா போன் செய்வாள். இவள் அதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து காலைத் தூக்கி நீட்டுவாள். முழங்காலுக்குள் மணல் அரைபடும். அக்கா ஒண்ணு, ரெண்டு என்று எண்ணுவாள். தானும் நீட்டியபடியே எண்ணுவதாகச் சொல்வாள், மூச்சிரைப்பதுகூடக் கேட்கும். யார் முதலில் மற்றவள் வீட்டு வாசலை மிதிப்பது என்று பந்தயம். உட்காரவே விடாத துணிக்கடையில் நின்று நின்று தேய்ந்த கால்கள் இவளுடையவை. ஆனாலும் ஜெயித்துவிடலாம் என்றுதான் இன்று கிளம்பினாள்.

இருவருக்கும் பயிற்சி சொல்லிக்கொடுத்த பிசியோதெரபி பெண் மேலிருந்து இறங்கி வந்தாள். இவளைக் கண்டதும் பக்கத்தில் உட்கார்ந்து, தனியாக ஏறலாமா என்று கடிந்துகொண்டாள். அக்கா முந்திக்கொள்வாளோ என்று இவள் சிரித்தபடி கேட்டாள். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

"அவங்க பயிற்சியை விட்டு ரொம்ப நாளாச்சும்மா. இடுப்பும் போயிடுச்சு. படுத்துக்கிட்டேதான் எண்ணுறாங்க." கொஞ்சம் தயங்கினாள். "நான் எண்ணலைன்னா அவ காலைத் தூக்கவே மாட்டா, சொல்லிடாதேன்னாங்க."

சின்னவள் அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

மறுநாள் காலை போன் வந்தது.

"நேத்து ரெண்டாம் மாடி வரைக்கும் வந்துட்டேன்க்கா."



"இன்னும் ஒரு மாடிதானேடி," என்றாள் அக்கா. "நானும் கதவு வரைக்கும் நடந்துட்டேன்."

அக்கா எண்ணத் தொடங்கினாள். நடுநடுவே மூச்சு வாங்கினாள். இவளும் போனுக்குக் கேட்கும்படி மூச்சு வாங்கினாள். ஜன்னல் வெயில் நாற்காலிக்கடியில் விழுந்திருந்தது. அதில் அவளுடைய வீங்கிய பாதங்கள் இரண்டும் தரையை விட்டு எழாமல், அருகருகே கிடந்தன.