நாலாவது கால்

என் கணவருக்குத் துடைக்கும் நோய் உண்டு. கையில் ஒரு துணி கிடைத்தால் போதும், சுவர்க் கடிகாரம்கூடத் தப்பாது. என் தங்கைக்கு இன்று இறுதிப்போட்டி என்று, நேற்று மாலை அவளுடைய மின்சார சக்கர நாற்காலியை ஈரம் சொட்டச் சொட்டத் துடைத்துப் பளபளவென்று நிறுத்தியிருந்தார். காலையில் அவள் ஏறி உட்கார்ந்து ஜாய்ஸ்டிக்கைத் தள்ளினாள். நாற்காலி அசையவில்லை.

சுத்தம் சோறு போடும் என்பார்கள். எங்கள் வீட்டில் அது ஒரு சிப்பைச் சுட்டுவிட்டது.

சக்கர நாற்காலிக் கால்பந்தில் தங்கைக்குப் ‘புயல்’ என்று பெயர். ஆனால் இதுவரை மாற்று ஆட்டக்காரியாக ஓரத்திலேயே உட்கார்ந்திருந்த புயல். இன்றுதான் முதல் நிமிடத்திலிருந்து ஆடப்போகிறாள். அணியின் வேன் வருவதற்குள் நாற்காலி ஓடியாக வேண்டும்.

போன் பழுதுபார்ப்பதுதான் என் தொழில், அதனால் வீட்டிலேயே எல்லாச் சாமான்களும் உண்டு. ஜாய்ஸ்டிக்கைக் கழற்றினேன். தீப்பெட்டி அளவு போர்டில், எட்டுக் கால் சிப் ஒன்று கருகியிருந்தது. அவளுடைய பழைய நாற்காலியின் செத்த போர்டு வேறு வடிவம், ஆனால் அதில் அதே சிப் இருந்தது. ஒன்றே ஒன்று.

சிப்பின் முதல் காலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி இருக்கும். திருப்பி வைத்துப் பற்றவைத்தால், மின்சாரம் கொடுத்த மறுநொடி சிப் காலி. இந்தப் போர்டில் திசைக்குறி எதுவும் அச்சிடவில்லை. அதனால் என் வழக்கப்படி அந்த மூலையில் சிவப்பு நகப்பூச்சு ஒரு பொட்டு வைத்தேன். சூடான காற்று ஊதும் கருவியைப் பிடித்ததும் ஈயம் இளகியது, கருகிய சிப்பை இடுக்கியால் தூக்கிக் குப்பையில் போட்டேன். பிறகு பழைய போர்டின் பக்கம் திரும்பி, நல்ல சிப்பை அலுங்காமல் எடுத்தேன்.

திரும்பிப் பார்த்தால், கணவர் கையில் பஞ்சும் என் நகப்பூச்சு நீக்கியும்.

“எவ்ளோ கறைம்மா! சிவப்பா ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, அதையும் எடுத்துட்டேன்.”

“ஐயோ, அதுதாங்க அடையாளம்! உங்க கையைக் கட்டிப் போடணும்!”

அவர் முகம் பேயறைந்ததுபோல் ஆனது. பஞ்சைக் கீழே போடக்கூடத் தெரியாமல் நின்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“அக்கா, மாமாவை அப்புறம் திட்டிக்கலாம்,” என்றாள் தங்கை. “எந்தக் காலுக்கு என்ன வேலைன்னு உனக்குத் தெரியும்ல?”

தெரியுமே! நாலாவது கால் பேட்டரியின் நெகட்டிவோடு சேர வேண்டும். சிப்பை எப்படித் திருப்பினாலும் அந்தக் காலுக்கு இரண்டே இடம்தான், எதிரெதிர் மூலைகள். இணைப்பு இருந்தால் ஒலிக்கும் மல்டிமீட்டரின் ஒரு முனையை போர்டின் நெகட்டிவில் வைத்தேன். மறுமுனையால் ஒரு மூலையைத் தொட்டேன். சத்தமில்லை.

எதிர் மூலையைத் தொட்டேன்.

“பீப்!”

“அதான்! அதான்!” என்று தங்கை கத்தினாள். எனக்கும் சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை. ஆனால் கை நடுங்கக் கூடாது. ஈயம் நன்றாக ஒட்ட ஃப்ளக்ஸ் பசை தடவி, சிப்பை வைத்து, சூடான காற்றைப் பிடித்தேன். ஈயம் மினுங்கியது. சிப் தானாகவே நகர்ந்து தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. எத்தனை சிப் மாற்றியிருந்தாலும் அந்த நொடியில் எனக்கு மூச்சு நின்றுவிடும்.

ஆறியதும் மாட்டினேன். வாசலில் வேன் ஹார்ன் அடித்தது. தங்கை ஜாய்ஸ்டிக்கைத் தள்ளினாள்.

நாற்காலி சீறிக்கொண்டு நேராக என் கணவரை நோக்கிப் பாய்ந்தது. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார், விலகவில்லை. “இடிச்சுடும்மா, எனக்கு வேணும்,” என்றார். அவர் முழங்காலுக்கு ஒரு விரற்கடை முன்னால் நாற்காலி நின்றது.

“பிரேக்கும் நல்லா இருக்கு மாமா,” என்று சிரித்தாள்.

வாசல்படிச் சரிவில் இறங்கும்போது சக்கரத்தில் கொஞ்சம் சேறு ஒட்டியது. கணவரின் கை தன்னால் பாக்கெட்டில் இருந்த கைக்குட்டைக்குப் போனது. “என்னங்க!” என்று நான் கத்தினேன்.

தங்கை வேனுக்குள் ஏறிக்கொண்டே திரும்பினாள்.

“கைக்குட்டையை அப்படியே வச்சிருங்க மாமா. சாயங்காலம் கப்பு வருது, அதைத் துடைங்க!”