ஸ்லைடு மாறும்போது பேசக்கூடாது

1

இந்தக் கதை எனக்கு ஒரு வகுப்பறை வாசலில் கிடைத்தது. கொடைக்கானலில் ஒரு தனியார் கல்லூரிக்கு இலக்கிய மன்றத்தைத் தொடங்கிவைக்கப் போயிருந்தேன். சால்வை வந்து சேரவில்லை என்பதால் வராந்தாவில் உலாத்திக்கொண்டிருந்தேன். ஒரு வகுப்பில் பெண் குரல் பாடம் நடத்திக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தால் ஆசிரியரைக் காணோம். பிள்ளைகள் இருந்தார்கள், திரை இருந்தது, குரல் இருந்தது. வெளியே சுவரை ஒட்டி ஒரு பெண் பையோடு நின்று அதே பாடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் குரல் அவளுடையதுதான் என்று பிறகு தெரிந்தது. மிச்சமெல்லாம் நான் இட்டுக்கட்டியது. வயிற்றெரிச்சல் மட்டும் அசல்.

2

மஞ்சு மூடிய மலைப்பாதையில் பேருந்து முக்கி முனகி ஏறியபோது சத்தியபிரியா...

(அடித்துவிட்டேன். கொடைக்கானல் என்றதும் ஒரு கூடை மஞ்சைக் கொண்டுவந்து கொட்டுகிறவர்களோடு எனக்கு ஆகாது. அன்றைக்கு வெயில்தான் அடித்தது.)

புள்ளியியல் என்பது...

(வேண்டாம். பாதிப் பேர் எழுந்து போய்விடுவீர்கள்.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். சத்தியபிரியா அங்கே புள்ளியியல் நடத்தும் ஒப்பந்த விரிவுரையாளர். செமஸ்டருக்கு செமஸ்டர் நீட்டிப்பு. ஒவ்வொரு விடுமுறையும் 'கூப்பிடுவார்களா' என்று போனைப் பார்த்தே கழியும். பக்கத்து ஊரான பண்ணைக்காட்டிலிருந்து வெள்ளனே கிளம்பி வருகிறவள். அப்பா யோகராஜ் சின்ன வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர். அந்த வீட்டில் யாரும் 'புரிஞ்சுதா' என்று கேட்டதில்லை. 'விளங்கிச்சா' என்றுதான் கேட்பார்கள். அந்தச் சொல் அவளோடு வகுப்புக்கும் வந்துவிட்டது.

கல்லூரி முதல்வர் பெயர் உபகாரம். அவருக்கு அது ஆகவே ஆகாது. நம் பக்கத்தில் விளங்காது என்றால் உருப்படாது என்றல்லவா அர்த்தம்?

"மேடம், பிள்ளைங்களப் பாத்து வெளங்குமா வெளங்குமான்னு கேக்காதீங்க. சாபம் குடுக்குற மாதிரி இருக்கு."

"சாபமில்ல சார். கேள்விதான்."

3

அந்த முறை ஓர் உத்தரவு வந்தது. அடுத்த செமஸ்டர் பாடம் முழுவதையும் ஸ்லைடாகப் போட்டு, அதன்மேல் குரலையும் பதிந்து கொடுக்க வேண்டும்.

"லீவு போட்ட பிள்ளைங்களுக்கு யூஸ் ஆகும்" என்றார் உபகாரம். "முடிச்சுக் குடுக்குறவங்களத்தான் அடுத்த செமஸ்டருக்குக் கன்சிடர் பண்ணுவோம்."

கம்ப்யூட்டர் லேபில் சுற்றுலா வண்டிகளின் ஹாரன் கேட்காமலிருக்க சன்னல்களைச் சாத்திக்கொண்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அவள் பதிந்தாள். முழுப் பாடமும் பதிந்து முடித்துப் போட்டுக் கேட்டால் ஒவ்வொரு ஸ்லைடும் முண்டமாக நின்றது. ஓரிடத்தில்கூட 'விளங்கிச்சா' இல்லை.

லேப் பொறுப்பாளர் ஆக்னல் கேட்டுப் பார்த்துச் சிரித்தார். "மேடம், நீங்க பேசிக்கிட்டே கிளிக் பண்றீங்க. ஸ்லைடு மாறுறப்ப இது எதையும் கேக்காது. அந்நேரம் பேசுனது போச்சு."

"எங்க போச்சு?"

"எங்கயும் போகல. எடுக்கவே இல்ல."

வகுப்பிலும் அவள் அப்படித்தான்: பலகையை அழிக்கக் கை போகும்போதே வாய் 'விளங்கிச்சா' என்று கேட்டுவிடும். அந்தப் பழக்கத்தில் கேள்விகள் அத்தனையும் ஸ்லைடுகளின் இடுக்கில் விழுந்துவிட்டன.

உபகாரம் கேட்டுவிட்டு மகிழ்ந்துபோனார். "சுத்தமா இருக்கு மேடம்! அந்த வார்த்தையும் இல்ல. இப்படியே குடுத்துருங்க."

4

(இங்கே உபகாரத்தை ஒரு வில்லனாக எழுதிப் பார்த்தேன். மீசையெல்லாம் வைத்தேன். ஒட்டவில்லை. லேபுக்கு நல்ல மைக் வேண்டுமென்று நாலு தடவை மேலே எழுதிப் போட்டவர் அவர். அவரும் யாருக்கோ பயந்து சாப்பிடுகிற மனிதர். கெட்டவனாக இருந்திருந்தால் எனக்குக் கதை எழுத லேசாக இருந்திருக்கும்.)

இப்படியே கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாள். கொடுக்கவில்லை, அதுதான் கொடுமை. கேட்காமல் நடத்துவது அவளுக்குப் பாடமே இல்லை. கேட்டதும் முகங்களைப் பார்ப்பாள். பூண்டியிலிருந்து வரும் இந்து கடைசி பெஞ்சில் தலையைக் குனிந்தால், சங்கதி தெரிந்துவிடும். உடனே சத்தியபிரியா பூண்டு உதாரணத்துக்குப் போவாள். இந்து வீட்டில் பூண்டுதான் வெள்ளாமை. "ஒரு மூட்டையில நாலு பெரிய பூண்டு கெடந்தா, மூட்டை பூராவும் பெரிய பூண்டுன்னு ஆயிருமா?" என்பாள். இந்து சிரித்தபடி நிமிர்வாள்.

ஆகவே எல்லாவற்றையும் மறுபடி பதிந்தாள். மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு, "விளங்கிச்சா?" என்று கேட்டாள். குனிந்த தலை ஒன்று நிமிரும் அளவுக்குக் காத்திருந்தாள். "நல்லது. அடுத்ததுக்குப் போவோம்" என்றாள். வாயை மூடிய பிறகுதான் கிளிக் செய்தாள்.

"யாருக்கு மேடம் வெயிட் பண்றீங்க? ரூம்ல நான் மட்டும்தான இருக்கேன்" என்றார் ஆக்னல்.

"இந்துவுக்கு."

* இங்கே ஒன்றைக் கவனியுங்கள். காத்திருந்த பிறகு என்ன சொல்வது? பிள்ளை ஆம் என்றதா, இல்லை என்றதா, மைக்குக்குத் தெரியாது. அவள் 'நல்லது' என்று வைத்தாள். வேறென்ன வைப்பாள்?

5

உபகாரம் கூப்பிட்டு அனுப்பினார்.

"மேடம், சூப்பர். ரெண்டாவது எடுத்தீங்க பாருங்க, நீங்க முன்னாடி நிக்கிற மாதிரியே இருக்கு. விளங்கிச்சான்னு கேட்டு நிறுத்துறீங்களே, நானே விளங்கிச்சுன்னு சொல்லிட்டேன்!"

அவர் வாயில் அந்தச் சொல் வந்ததும் சத்தியபிரியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள், பாவம்.

"அதனால மேலிடத்துல என்ன சொல்றாங்கன்னா... இந்தப் பேப்பருக்குத் தனியா ஆள் வேணாமாம். ஆக்னல் போட்டு விட்ருவாரு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "மொத எடுத்ததையே குடுத்திருந்தா, சார்?"

உபகாரம் சன்னலைப் பார்த்தார். "அத வச்சு எப்படி மேடம் கிளாஸ் நடத்துறது?"

6

நான் பார்த்த நாளில் அவள் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தாள். வராந்தாவில் தன் குரலைக் கேட்டு நின்றுவிட்டாள்.

"விளங்கிச்சா?" என்றது குரல்.

அமைதி. அந்த அமைதியும் அவள் பதிந்ததுதான்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண், பழக்க தோஷத்தில், "இல்ல மிஸ்" என்றாள். வகுப்பு கொல்லென்று சிரித்தது.

"நல்லது," என்றது குரல். "அடுத்ததுக்குப் போவோம்."

7

முடிவு ஒன்று: சத்தியபிரியா உள்ளே போகிறாள். திரையை அணைக்கிறாள். "இந்து, இங்க பாரு, ஒரு மூட்டை பூண்டு..." வகுப்பே கைதட்ட... (எழுதும்போதே கூசிப்போயிற்று. அனுபவச் சான்றிதழில் உபகாரம் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அது இல்லாமல் வேறு எந்தக் கல்லூரியும் அவளை வாசலில்கூட நிற்க விடாது.)

முடிவு இரண்டு: லேபுக்குப் போய் எல்லாவற்றையும் அழித்துவிடுகிறாள். (ஆக்னல் வேறு இடத்திலும் சேமித்து வைத்திருப்பார். இல்லாவிட்டால் அவர் வேலையும் போகும்.)

முடிவு மூன்று: பண்ணைக்காட்டுப் பேருந்தில் ஏறி உட்கார்ந்து... (இதுதான் நடந்திருக்கும். எழுத எனக்கு மனசு வரவில்லை.)

நான் கண்ணால் பார்த்தது இவ்வளவுதான்: அவள் வாசலுக்குள் ஒரு காலை வைத்து, இந்துவைப் பார்த்து வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து யாரோ, "சார், வெரசா வாங்க, சால்வ வந்துருச்சு" என்று கூப்பிட்டார்கள். நான் திரும்பினேன். உள்ளே ஸ்லைடு மாறியது. அவள் என்ன சொன்னாள் என்பது என்னிடம் இல்லை.

அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். விளங்கிச்சா?

.

.

.

நல்லது. அடுத்ததுக்குப் போவோம்.