இடது பக்கத்து வெயில்

1987ஆம் வருஷம் ஐப்பசியில், நல்லூரில் ஆறு நாள் விடாமல் மழை பெய்துகொண்டிருந்தபோது, சலவைப் பட்டறைத் தொழிலாளி திருமூர்த்தியின் தலையில் இடது பக்கம் மட்டும் வெயில் அடிக்கத் தொடங்கியது. அப்போது அவருக்கு முப்பத்திரண்டு வயது. வெளுத்து அலசிய பனியன் துணி கொடிகளில் சொட்டிக்கொண்டு கிடந்தது. தலைவலி தாங்காமல் ஒரு கொடியோரம் போய் நின்றார். கால் மணி நேரத்தில் அவருக்கு இடப்புறம் இருந்த கொடி மொடமொடவென்று காய்ந்துவிட்டது; வலப்புறத்துக் கொடி சொட்டியபடியே இருந்தது. முதலாளி நஞ்சப்பன் துணியைத் தொட்டுப் பார்த்தார், திருமூர்த்தியின் நெற்றிப்பொட்டைத் தொட்டுப் பார்த்தார், சுட்ட விரலை உதறிக்கொண்டே அடுத்த கொடிக்கு நகரச் சொன்னார்.

வலி வகிடு வரைக்கும் வரும், அங்கே நின்றுகொள்ளும். இடது கண் சிவந்து நீர் கொட்டும், இமை தொங்கிப்போகும், அந்தப் பக்க மூக்கு ஒழுகும். வலது கண்ணோ வேறு யாருக்கோ வந்த வலியைப்போல அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். படுக்க முடியாமல் வீட்டுக்குள்ளேயே நடப்பார். அவர் மனைவி மருதாள் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். பிள்ளைகள் இல்லை. அவள் சுக்கு அரைத்துப் பற்றுப் போட்டால் கை எடுப்பதற்குள் காய்ந்து உதிர்ந்தது. பக்கத்து வீட்டு ஜுபைதா தர்காவில் மந்திரித்து வாங்கிவந்த கயிறு அன்றைக்கே கருகியது. ஒற்றைத் தலைவலிதான், தானாகப் போய்விடும் என்று உள்ளூர் டாக்டர் ஒவ்வொரு வருஷமும் சொன்னார்.

நஞ்சப்பன் மழைக்காலத்துக்கென்று தகரக் கொட்டகை போட்டு, நடுவில் சுழலும் ஸ்டூல் ஒன்றை வைத்தார். ஒரு வரிசை காய்ந்ததும் திருமூர்த்தி திரும்பி உட்கார வேண்டும். எட்டுக் கம்பெனிகளின் துணி அங்கே வந்தது. கொடி போடும் நல்லான் தினமும் காலையில் வாசலில் நின்று, "ஏனுங் மச்சா, இன்னைக்கு நல்லா வலிக்குதுங்களா? ரெண்டு கொடி சேத்திப் போட்டுக்கலாமுங்களா?" என்று கேட்பான்.

"மூணாப் போடு. உங்கூட்டுப் பழந்துணி கெடந்தா அதையுங் கொண்டாந்து போடு" என்பார் திருமூர்த்தி.

வலி குறைந்த நாளில் துணி அரைகுறையாகத்தான் காயும். எல்லார் முகமும் வாடிப்போகும். அவரும் ஏதோ தப்புச் செய்தவர்போலத் தலையைக் குனிந்துகொள்வார். நாலு பக்கமும் ஈரத்துணி தொங்கியதால் அவர் முகம் யாருக்கும் தெரியாது. மருதாள் சோறு கொண்டுபோனால் துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து முனகல் கேட்கும், அதை வைத்து ஆள் இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்வாள்.

இப்படி ஒன்பது வருஷம் போனது. அதற்குள் அவர் செருப்பு எட்டாம் நம்பரிலிருந்து பதினொன்றுக்குப் போயிருந்தது. கல்யாண மோதிரத்தை ஆசாரி அறுத்துத்தான் எடுத்தார். தாடை நீண்டது, குரல் கனத்தது. பட்டறைச் சோறு ஒத்துக்கொண்டது என்று சிரித்தார்கள். மருதாளுக்கு மட்டும், முன்பின் தெரியாத யாரோ ஒருவன் தன் புருஷனுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிவருவதுபோல இருந்தது. அதை யாரிடம் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

1996இல் கோயமுத்தூர் பெரிய டாக்டர் தலையைப் பார்ப்பதற்கு முன்னால் கைகளைத்தான் பார்த்தார். செருப்பு எந்த வருஷத்தில் பத்தாமல் போனது என்று கேட்டார். மூளைக்கு அடியில் உள்ள சுரப்பியில் எலுமிச்சங்காய் அளவுக்குக் கட்டி இருந்தது. வலிக்கும் அதுதான் காரணம், கைகால் பெருத்ததற்கும் அதுதான். மூக்கு வழியாக எடுத்துவிடலாம், தள்ளிப்போடக் கூடாது என்று சொல்லி நவம்பர் ஆறாம் தேதி குறித்தார். எடுத்துவிட்டால் வெயிலும் நின்றுவிடும் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லாமலே நல்லூரில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அந்த ஐப்பசியில் மழை முன்னைவிடக் கடுமையாகப் பிடித்தது. நஞ்சப்பன் பழத்தட்டோடு வீட்டுக்கு வந்தார். "அம்மணி, இந்தத் துணி கப்பலேறலீன்னா நாப்பது பொம்பளைங்க வேலையில்லாம ஊட்ல உக்கோரோணும். தை பொறந்ததும் நானே காரு புடிச்சுக் கூட்டிட்டுப் போறன்." அந்த நாற்பதில் மருதாளும் ஒருத்தி, ஜுபைதாவும் ஒருத்தி. திருமூர்த்தி சுவரைப் பார்த்தபடி, "நீயே சொல்லு புள்ளே" என்றார்.

"தையிலயே போலாமுங் மாமா" என்றாள் மருதாள், புருஷனிடம்.

ஜுபைதா அன்று சாயங்காலம் மதில்மேல் கையூன்றி, "ஏன் மருதா, எனக்கு வேலை போனாப் போகுது. அந்த மனுசனுக்கு ஒம்போது வருசம் பத்தலியா?" என்று கேட்டாள். மருதாள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

கார்த்திகை இரண்டாம் வாரம், முற்பகலில், கொட்டகைக்குள் ஒரு கத்தல் கேட்டது. இடப்பக்கத்துத் துணியெல்லாம் பழுத்துக் கருகின. ஓடிப்போய் விலக்கிப் பார்த்தபோது திருமூர்த்தி வாந்தி எடுத்துக் கிடந்தார்; இரண்டு கண்ணும் தெரியவில்லை என்றார். கட்டிக்குள் ரத்தம் கசிந்துவிட்டதாகப் பிறகு சொன்னார்கள். நஞ்சப்பனின் கார் சூலூரைத் தாண்டுவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

மறுநாளும் மழை. வழக்கப்படி மருதாள் வாசலோடு நின்றுவிட்டாள். சுடுகாட்டில் விறகு ஊறிப்போயிருந்தது, எரியுமா என்று ஆண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டே போனார்கள். பொழுது சாயத் திரும்பிவந்த நல்லான்தான் அவளிடம் சொன்னான்.

"கவலையே இல்லீங்கக்கா. மச்சானைப் படுக்க வெச்சதுமே எடப்பக்கத்து வெறகு பூராவுங் காஞ்சு போச்சு. ஒரே குச்சியில புடிச்சுக்கிச்சு. வலப்பக்கத்துக்குத்தான் மண்ணெண்ணெய் ஊத்த வேண்டியதாப் போச்சு."

"அப்ப, இன்னும் வலிச்சுட்டுத்தான் இருந்துதுங்களா?" என்று கேட்டாள் மருதாள்.

"ஆமாங்கக்கா" என்றான் நல்லான். வாசலில் வைத்திருந்த தண்ணீரில் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனான்.