சிந்தாமணிக்கு லாடம்

குதிரைக்கு நான் லாடம் கட்டுகிறேன் என்று ரத்னா வாயை விட்டுவிட்டாள். அதுவும் எங்கே? செங்கல்பட்டு ஸ்டேஷன் ஜட்கா ஸ்டாண்டில், அத்தனை வண்டிக்காரர்களும் டீ குடித்துக்கொண்டு நிற்கிற நேரத்தில்!

ஸ்டாண்டுக்கு எதிரே அவளும் புருஷன் துரையும் பட்டறை வைத்திருந்தார்கள். மாட்டு லாடம்தான் தொழில். துரை சின்னச் சுத்தியலால் தொட்டுக் காட்டுவான், காட்டிய இடத்தில் ரத்னா சம்மட்டியைப் போடுவாள். அச்சரப்பாக்கத்து வண்டிமாடுகள்கூட அவர்களைத் தேடி வரும். குதிரைகளுக்கு லாடம் கட்டியவர் ஒரு சாயபு. மார்கழி பிறந்ததும் அவர் மகள் வீட்டோடு இருக்கிறேன் என்று வாணியம்பாடிக்கு மூட்டை கட்டிவிட்டார். இனி லாடம் தேய்ந்தால் மெட்ராஸுக்குத்தான் போக வேண்டும். வண்டிக்காரர்கள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னாத்துக்கு மெட்ராஸு? நான் கட்டறேன்," என்றாள் ரத்னா.

பக்தவச்சலம் என்ற வண்டிக்காரனுக்குச் சிரிப்பில் டீ புரையேறியது. "மாட்டுக்கு அடிக்கிற வூட்டுக்கு என் குதிரைய இட்டுகினு வரணுமா? நல்லா கீதே கத!"

தாண்டவராயன் மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய குதிரை சிந்தாமணியின் லாடம் நாலும் காகிதமாய்த் தேய்ந்திருந்தது. "கட்டு, பார்க்கலாம்," என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து ரத்னா அடுத்தவன் காட்டிய இடத்திலேயே அடித்துக்கொண்டிருக்கிறாள். ஒரு இரும்பையாவது தான் நினைத்தபடி வளைத்துப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை. இதைவிட்டால் வேறு சமயம் வாய்க்காது என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் சிந்தாமணி வந்து நின்றதும் ரத்னா என்ன செய்தாள் தெரியுமா? கயிற்றை எடுத்துக்கொண்டு போய் அதன் காலில் சுருக்குப் போட்டாள். மாட்டைக் கீழே சாய்த்து, காலைக் கட்டித்தானே லாடம் அடிப்பார்கள்? கை பழக்கத்தில் போய்விட்டது.

"அய்யய்யோ!" என்று தாண்டவராயன் அலறினார். "இன்னாம்மா பண்ற? இது இன்னா மாடா, கட்டித் தள்றதுக்கு? நின்னுகினேதாம்மா கட்டணும்! சாயபு கட்டசொல்ல பாத்ததில்ல?"

சிந்தாமணி விட்ட உதையில் தண்ணீர்த் தொட்டி உருண்டது. துரை எகிறிக் குதித்துத் தெருவுக்கே ஓடிவிட்டான். ரத்னாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கயிற்றைத் தூரப் போட்டுவிட்டு, குதிரையின் கழுத்தைத் தடவித் தடவி, முதுகைத் தட்டிக்கொண்டே பின்னால் வந்து, காலை மெல்லத் தூக்கித் தன் தொடைமேல் வைத்துக்கொண்டாள். அம்மாடி, என்ன கனம்! ஆனாலும் குதிரை காலைக் கொடுத்துவிட்டது.

நாலு லாடமும் அடித்தாயிற்று. ரத்னா தலைகால் புரியாமல் திரிந்தாள். அந்தச் சந்தோஷம் ரெண்டு நாள்கூட நிற்கவில்லை. ரயில்வே கேட்டைத் தாண்டும்போது பின்னங்கால் லாடங்கள் ரெண்டும் கழன்று விழுந்தன. நொண்டிக்கொண்டு வந்த சிந்தாமணியைப் பார்த்து ஸ்டாண்டே கைகொட்டிச் சிரித்தது. பக்தவச்சலம் அன்றைக்கே மெட்ராஸுக்குக் கிளம்பிப் போய்த் தன் வெள்ளைக் குதிரைக்குப் புது லாடம் போட்டுக்கொண்டு வந்தான்.

தாண்டவராயன் கோபப்படவில்லை. அதுதான் ரத்னாவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "காணும் பொங்கலுக்கு மகாபலிபுரம் சவாரி கீது," என்றார். "அதுக்குள்ள இன்னொரு தபா கட்டு. லாடம் கடல் வரிக்கும் நின்னா ஸ்டாண்டுல கீற குதிர அத்தினியும் உன் பட்டறைக்குத்தான். நிக்கலேன்னா நானும் மெட்ராஸுக்கே போறேன், தப்பா நெனைக்காத."

எங்கே பிசகினோம் என்று யோசித்து யோசித்து அவளுக்கு மண்டை காய்ந்தது. தண்ணீர் காட்ட சிந்தாமணியைக் கொளவாய் ஏரிக்கு ஓட்டிப் போனார் தாண்டவராயன். இவளும் கூடவே போனாள். குதிரை நீர் குடித்துவிட்டுக் கரைச் சேற்றில் நடந்து ஏறியது. அதன் தடத்தைப் பார்த்தபடியே பின்னால் வந்த ரத்னா சட்டென்று நின்றாள். குனிந்தாள். சேற்றிலேயே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

முன்னங்கால் தடம் தோசை மாதிரி வட்டம். பின்னங்கால் தடம் ஒடுங்கி, முனையில் கூம்பியிருந்தது!

மாட்டுக்குப் பிளந்த குளம்பு, காலுக்கு ரெண்டாக எட்டுத் தகடும் ஒரே அச்சு. அந்த நினைப்பிலேயே குதிரைக்கும் நாலையும் ஒரே வட்டமாக வளைத்துவிட்டாள். பின்னங்குளம்பில் இரும்பு வெளியே துருத்திக்கொண்டு நின்றிருக்கிறது, ஆணிக்குப் பிடிப்பு எங்கேயிருந்து வரும்? "அட மக்கு! அட மக்கு!" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். கட்டுக்கம்பி வாங்கி வந்து, தடத்தின்மேல் வைத்து வளைத்து எடுத்துக்கொண்டு, சேற்றுக் காலோடு பட்டறைக்கு ஓடினாள்.

"யோவ், சம்மட்டிய எடு!"

"நானா?" என்றான் துரை.

"நீதான். நான் காட்டறேன், நீ அடி."

துரை சிரித்துக்கொண்டே சம்மட்டியைத் தூக்கினான். உலையிலிருந்து இரும்பு செக்கச்செவேலென்று வந்தது. ரத்னா தொட்டாள், துரை போட்டான். தொட்டாள், போட்டான். முதல் லாடம் கோணியது. அடுத்தது ஒரு பக்கம் மெலிந்து போனது. அவற்றை மூலையில் வீசிவிட்டு அடுத்த இரும்பை உலையில் சொருகினாள். அடிக்க அடிக்கக் கைக்கு வழி தெரிந்தது. எங்கே தொட்டால் இரும்பு எப்படித் திரும்பும் என்பது அடி விழுவதற்கு முன்பே தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தைச் சொல்லி மாளாது! கம்பி வளைவும் லாடமும் ஒன்றோடொன்று அச்சாகப் பொருந்தியபோது அவள் போட்ட கூச்சலில் ஸ்டாண்டுக் குதிரைகள் மிரண்டன. வந்த வேகத்தில் ரெண்டு லாடம் கூடுதலாகவே அடித்துப் பையில் போட்டுக்கொண்டாள். அன்றைக்கே சிந்தாமணியின் பின்னங்கால் ரெண்டிலும் புது லாடம் ஏறியது.

காணும் பொங்கல் விடிந்தது. நாலைந்து ஜட்காக்கள் வரிசையாகக் கிளம்பின. கடைசியாகக் கடலுக்கு வருகிற வண்டிக்காரன்தான் எல்லாக் குதிரைக்கும் தண்ணீர் காட்ட வேண்டும் என்பது அவர்களுக்குள் பேச்சு. அதனால் ஒவ்வொருவனும் பறந்தான். சிந்தாமணியின் வண்டிக்குள் கட்டுச்சோற்று மூட்டையோடு ஒரு குடும்பம். முன்னால் தாண்டவராயன் பக்கத்தில், ஆயுதப் பையை மடியில் வைத்துக்கொண்டு ரத்னா. அவள் சாலையைப் பார்க்கவே இல்லை. காதெல்லாம் குளம்புச் சத்தத்தில்தான்.

திருக்கழுக்குன்றம் தாண்டியாயிற்று. பக்தவச்சலத்தின் வண்டி பக்கவாட்டில் முட்டிக்கொண்டு வந்த நேரம், 'டங்' என்று தார் ரோட்டில் இரும்பு உருண்டது.

ரத்னாவுக்கு உயிரே போய்விட்டது. வண்டி நிற்பதற்குள் குதித்து ஓடி, உருண்டதை எடுத்துப் பார்த்தாள். அது அவளுடையது இல்லை! மெட்ராஸ் லாடம். பக்தவச்சலத்தின் வெள்ளைக் குதிரை பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. அவன் வண்டிக்குள் குழந்தைகள், கடலுக்குப் போகணும் என்று அழ ஆரம்பித்திருந்தன.

"ஏறும்மா, ஏறு!" என்று தாண்டவராயன் கத்தினார். "இன்னா பேச்சு பேசனான்! தண்ணி காட்டட்டும் இன்னிக்கு!"

ஏறியிருக்கலாம். அவள் கால் ஏறவில்லை. நொண்டுகிற குதிரையைப் பார்த்துவிட்டு எப்படிப் போவது? பையை எடுத்துக்கொண்டு வெள்ளைக் குதிரையிடம் போனாள். பக்தவச்சலம் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நகர்ந்து நின்றான். கழுத்தைத் தடவினாள், காலை வாங்கித் தொடைமேல் வைத்தாள். கூடுதலாக அடித்திருந்த பின்னங்கால் லாடம் குளம்பைவிட மயிரிழை அகலம். ரோட்டோர மைல் கல்லின்மேல் வைத்து நாலு தட்டுத் தட்டினாள். காட்ட ஆளில்லை, கம்பி அளவும் இல்லை, கண்தான் அளவு. மறுபடி வைத்துப் பார்த்தாள். உட்கார்ந்தது! ஆணி ஒவ்வொன்றாக இறங்கியது. வெளியே வந்த முனைகளை முறித்து, மடக்கி, அரத்தால் ராவிவிட்டுக் காலைக் கீழே விட்டாள்.

"நடத்து," என்றாள்.

குதிரை நடந்தது. தலையை உதறியது. துள்ளியது. பக்தவச்சலம் நன்றியாவது, ஒன்றாவது! தாவி ஏறி, "ஹேய்!" என்று சாட்டையைச் சொடுக்கி, அவர்களைத் தாண்டிக்கொண்டு பறந்துவிட்டான்.

"பாத்தியா! பாத்தியா!" தாண்டவராயன் கொதித்துப்போய்ச் சிந்தாமணியை விரட்டினார். சவுக்குத் தோப்புகள் ரெண்டு பக்கமும் ஓடின. உப்புக் காற்று முகத்தில் அடித்தது. சிந்தாமணி நெருங்கிவிட்டது, இதோ சக்கரத்துக்குச் சக்கரம் சமம். தோப்பு விலகிக் கடல் தெரிந்தது. சிந்தாமணி முந்தியபோது ரத்னா கத்தினாள். வெள்ளைக் குதிரை திரும்ப முந்தியபோதும் எழுந்து நின்று அதைவிடப் பலமாகக் கத்தினாள்.

"ஏம்மா, நீ எந்தப் பக்கந்தான்?" என்று தாண்டவராயன் சீறினார்.

"ஓட்டு அண்ணாத்த, ஓட்டு!" என்றாள் ரத்னா. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சிரிப்பும் அடங்கவில்லை. "ஓடுற எட்டுக் கால்ல அஞ்சு என்னுது!"