ரூட்டர் பெட்டியில் சந்தனம்

அருளானந்தத்துக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பது விருத்தாசலத்தில் அந்த வாஷ்பேசின் கம்பெனியில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். மெயின்டனன்ஸ் இன்சார்ஜ் என்றால் கொஞ்சம் கத்தத்தான் வேண்டும் என்று அவரே சொல்லிக்கொள்வார். ஆனால் விஜயதசமிக்கு மறுநாள் காலை அவர் கத்தியது வேறு மாதிரி.

ட்ரையர் ரூமில் சூடு ஏறிக்கொண்டே போய், சூளைக்குப் போகவேண்டிய, இன்னும் சுடாத பச்சைமண் வாஷ்பேசின்கள் அத்தனையும் விரிசல் விட்டிருந்தன. சூடு மிஞ்சினால் கன்ட்ரோல் ரூமில் அலாரம் அடிக்க வேண்டும். அடிக்கவில்லை. கம்ப்யூட்டரில் பழைய சூடே அசையாமல் நின்றிருக்கிறது. சேதியைக் கொண்டுவந்து சேர்ப்பது ஒரு ரூட்டர். வீட்டில் நெட்டுக்கு வைப்போமே, அது இல்லை. ஆபீஸ் ஏசி, தண்ணி மோட்டார், ட்ரையர் எல்லாவற்றையும் கன்ட்ரோல் ரூமோடு பேசவைக்கிற பெட்டி.

பாண்டிச்சேரியில் இருக்கும் சர்வீஸ் இன்ஜினியர் பூர்ணிமாவுக்குப் போன் போட்டார்.

"பூசைக்கு யாராவது ரூட்டரத் தொட்டாங்களா சார்? முன்பக்கம் நம்பர் வைக்கிற திருகு ஒண்ணு இருக்கும். அது நகந்தா ரெண்டு மெஷினுக்கு ஒரே நம்பர் ஆயிடும், பேச்சு போய்ச் சேராது. நீங்க கை வெக்காதீங்க, நான் வந்து பாக்குறேன்."

போனை வைத்த கையோடு எலெக்ட்ரீஷியன் பச்சமுத்துவைக் கூப்பிட்டார். ஆயுத பூசைக்குச் சந்தனம் குழைத்தவன் அவன்தான்.

"பொட்டு வெச்சா மெஷினு நல்லா ஓடுமாய்யா? உங்க சாமி வந்து வாஷ்பேசின ஒட்டிக் குடுக்குமா? எங்க ஆளுங்க யாராவது சர்ச்சுல இப்டிக் கூத்தடிக்கிறாங்களா?"

பேக்கிங் பெண்கள் கைவேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். 'எங்க ஆளுங்க' என்ற சொல் அந்த ஷெட்டில் அதுவரை கேட்டதில்லை. பச்சமுத்து வாயைத் திறந்தான். என்ன நினைத்தானோ, மூடிக்கொண்டான். நஷ்டத்தை யார் தலையில் கட்டலாம் என்று பார்த்துக்கொண்டிருந்த மேனேஜர் விருத்தகிரிக்கு வசதியாகப் போயிற்று. "நாளைலேந்து நீ வர வேணாம்" என்று முடித்துவிட்டார்.

மத்தியானம் பூர்ணிமா வந்து ரூட்டர் இருக்கும் பெட்டியின் கதவைத் திறந்தாள். பக்கத்தில் விருத்தகிரியும் அருளானந்தமும் நின்றார்கள். சாவிக்கொத்தை ஒப்படைக்க வந்த பச்சமுத்து வாசலிலேயே நின்றுவிட்டான்.

திருகின் மேல் சந்தனம் காய்ந்து கிடந்தது. மற்ற பெட்டிகளில் எல்லாம் மோதிர விரலால் வைத்த உருண்டைப் பொட்டு. இதில் மேலிருந்து கீழே ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு.

"யாரு சார் இது, சிலுவ போட்டுருக்காங்க?" பூர்ணிமா சிரித்துவிட்டாள். "அழுத்தி இழுத்ததுல திருகு நகந்துடுச்சு."

அது யார் கை என்று அருளானந்தத்துக்குத் தெரிந்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஆயுத பூசையில் ஓரமாக நின்று, பொரி வாங்கிக்கொண்டு போகிறவர் அவர். இந்த வருடம்தான் பச்சமுத்து சந்தனக் கிண்ணத்தோடு அவரிடம் வந்தான். "நீங்கதான் சார் இங்க பெரியவரு. உங்க பெட்டிக்கு நீங்களே வெச்சாத்தான் எங்களுக்கு நல்லாருக்கும்." அவருக்குக் கண் கலங்கிவிட்டது. திருநீற்றுப் புதனன்று சர்ச்சில் சாமியார் நெற்றியில் சாம்பலால் சிலுவை இடுவதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கட்டைவிரல், தானாக அப்படிப் போயிற்று. பக்கத்தில் நின்ற இரண்டு பேர் கைதட்டினார்கள். இதையா மறந்தார்? மறக்கவில்லை. கைதட்டலை மட்டும் ஞாபகம் வைத்திருந்தார்.

"நான்தான் போட்டேன்" என்றார் அருளானந்தம்.

"அட, நீங்களா சார்? சரி விடுங்க, தெரியாம பட்டுருக்கும்" என்றார் விருத்தகிரி.

காலையில் வேலையை விட்டே துரத்திய குற்றம், மத்தியானம் தெரியாமல் பட்டதாகிவிட்டது. அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அருளானந்தத்துக்கு மூச்சு வந்திருக்கும்.

"அப்ப பச்சமுத்து?"

"வரட்டும், வரட்டும். யாரு வேணாம்னா?"

அருளானந்தம் வெளியே வந்தார். பச்சமுத்துவின் முகத்தைப் பார்க்க முடியாமல் அவன் கையிலிருந்த சாவிக்கொத்தைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியும்ல?"

"பக்கத்துலதான சார் நின்னேன்."

"ஏன்யா காலைல சொல்லல?"

"நான்தான சார் உங்களக் கூப்புட்டேன். கூப்புட்டுட்டு நானே காட்டிக் குடுப்பனா?"

வெட்கத்தில் அவருக்குக் காது சுட்டது. "மன்னிச்சிடு பச்சமுத்து. எங்க ஆளுங்க, உங்க ஆளுங்கன்னு நான் பேசிருக்கக் கூடாது." சிரிக்கப் பார்த்தார். "அடுத்த வருசம் பாத்து, பதமா வெக்கிறேன்."

பச்சமுத்து சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டான். மரியாதையாகத்தான் சொன்னான்.

"வேணாம் சார். அடுத்த வருசம் நாங்களே வெச்சிக்கிறோம். உங்களுக்குப் பொரிய ரூமுக்கே குடுத்தனுப்புறேன்."