அளவெடுக்காமல் வாங்கிய எஸ்எஸ்டி

அளவெடுக்காமல் ஒரு முழத் துணியைக்கூட வெட்டாத தையல்காரம்மா, தன் லேப்டாப்பை வேகமாக்க எஸ்எஸ்டி என்கிற சேமிப்புச் சில்லு வாங்கும்போது மட்டும் அளவு என்ற ஒன்று இருப்பதையே மறந்துவிட்டாள். இருப்பதிலேயே வேகமானது என்று ஆன்லைனில் போட்டிருந்தான், உடனே வரவழைத்துவிட்டாள். வந்தது விரல் நீளத்துக்கு ஒரு சில்லு. லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றிப் பார்த்தால், அதைச் செருக ஓர் இடுக்குகூட இல்லை.

“ஊருக்கெல்லாம் டேப் பிடிக்கிற கை, இதுக்கு மட்டும் கண்ணளவா?” என்றார் வீட்டுக்காரர்.

கேலி பேசுகிற நேரமா இது? அவளுக்குச் சுருக்கென்றது. சீருடைக் கடை மேலாளர் எண்பது சட்டைகளுக்குச் சின்னம் எம்பிராய்டரி போட்டுத் தரக் கேட்டிருந்தார். இன்று நாலு மணிக்குள் மாதிரிப் படம் போகாவிட்டால் வேலை வேறு ஆளுக்கு. பத்து வருடம் அடுத்தவர் கடைக்குக் காஜா எடுத்தே கண் பூத்துப்போனவளைத் தேடிவந்த முதல் பெரிய வேலை. இந்த லேப்டாப்போ, அது திறப்பதற்குள் வீட்டுக்காரர் டீ போட்டு, குடித்து, டம்ளரையும் கழுவிக் கவிழ்த்துவிடுவார். சின்னம் வரைகிற மென்பொருளைத் தொட்டால் போதும், அப்படியே உறைந்து நிற்கும்.

கடை திறந்ததும் திறக்காததுமாக லேப்டாப் ரிப்பேர்க்காரர் முன்னால் போய் நின்றாள்.

“பழைய மாடல்மா. இந்தக் குச்சி மாதிரி வர்றது இதுல ஏறாது, திருப்பி அனுப்பிடுங்க. ஹார்டு டிஸ்க் இருந்த இடத்துலயே உக்கார்ற தட்டை எஸ்எஸ்டி போடலாம்.”

“அது வேகம் கம்மியாமே?”

“அதைவிடக் கம்மிதான். ஆனா இப்ப இருக்கிறதுக்கு இதுவே பறக்கும்.”

இந்தத் தடவை அவள் ஏமாறத் தயாரில்லை. பையிலிருந்து டேப்பை எடுத்து, பழைய டிஸ்க்கையும் அவர் காட்டிய தட்டையையும் அளந்தாள். நீளம் சரி, அகலம் சரி. கனத்தில் மட்டும் புதியது கொஞ்சம் ஒல்லி.

“ஆடுமே, அண்ணே?”

“ஆடும். கூட வைக்க ஒரு சட்டம் வரும், என்கிட்ட தீந்துபோச்சு.”

அவள் பையைத் துழாவி, காலருக்கு வைக்கிற கேன்வாஸில் ஒரு துண்டு வெட்டி மடித்து ஓரத்தில் செருகினாள். கச்சிதமாக உட்கார்ந்தது.

“லேப்டாப்புக்கு லைனிங் வச்ச ஆள இன்னைக்குத்தான் பாக்குறேன்” என்று சிரித்தார் அவர்.

பழையதில் இருந்ததையெல்லாம் புதியதற்கு மாற்றி முடிக்க இரண்டரை ஆகிவிட்டது. அவள் ஓட்டமும் நடையுமாக வீடு வந்து, பொத்தானை அமுக்கினாள். வீட்டுக்காரர் வழக்கம்போல டீக்குத் தண்ணீர் வைத்தார். தண்ணீர் சூடாவதற்குள் பாதி வரைந்த சின்னம் திரையில் வந்து நின்றது. மனிதர் அடுப்பை அணைத்துவிட்டு அவள் பின்னால் வந்து நின்றுகொண்டார்.

மூன்று நாற்பதுக்குப் படம் போனது. அதன்பிறகு அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணி நாலாகப் போகையில் அது அடித்தது. “சரிங்க, சரிங்க” என்றவள், வைத்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

“என்ன சொன்னாங்க?”

“டீ போடுங்க. எண்பது சட்டையையும் குடுத்துட்டுப் போக மேலாளரே நேர்ல வர்றாராம். அவருக்கும் சேத்துப் போடுங்க.”