பாதி விரிப்பு

காய்கறி மொத்தச் சந்தையில் ஏலக்காரர் வாயைத் திறந்தால், கடைசி வரிசையில் மூட்டை இறக்குகிறவன்கூட ஒரு நிமிஷம் நின்று கேட்பான். அவருக்கு ஒலிபெருக்கி வேண்டாம். தக்காளிக் கூடையைக் காலால் தள்ளிக்கொண்டே விலையை ஏற்றுவார். சும்மா வேடிக்கை பார்க்க வந்தவனும் கையைத் தூக்கிவிடுவான். இப்பேர்ப்பட்ட மனிதர் ராத்திரியில் படுக்கையை நனைத்துவிடுகிறார் என்று யாராவது சொன்னால், சொன்னவனுக்குத்தான் சந்தையில் அடி விழும். அந்த அளவுக்குக் காரியம் காதும் காதும் வைத்த மாதிரி நடந்துவந்தது. நடத்தியவள் அவர் மனைவி.

அவள் தார்ப்பாய்ப் பட்டறையில் தையல்காரி. கல்யாணமான புதிதில், அவள் பின்பக்கக் கொடியில் விரிப்பைக் காயப்போடுவதை மாமியார் பார்த்தாள். முந்தின நாளும் காய்ந்தது, அதற்கு முந்தின நாளும் காய்ந்தது. "இது யாரு வேலை?" என்று கேட்டாள். ஏலக்காரர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை, காது மட்டும் சிவந்துபோயிருந்தது. அந்தக் காதைப் பார்க்க மருமகளுக்குப் பாவமாக இருந்தது. "எனக்குத்தான் அத்தை, சின்ன வயசுலேர்ந்து" என்று சொல்லிவிட்டாள். யாரும் சொல்லச் சொல்லவில்லை. பாசம் வந்தால் புத்தி கொஞ்சம் வெளியே போய் நின்றுகொள்ளும், அவ்வளவுதான்.

பெற்ற பிள்ளைக்கு என்ன உடம்பு என்று பெற்றவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தேதான் அந்த மகராசி கேட்டாள் என்று அவளுக்குப் பின்னால் புரிந்தது. ஆனால் மாமியார் அதைப் பிடித்துக்கொண்டது பிடித்துக்கொண்டதுதான். போன வீட்டில் எல்லாம், வந்தவர்களிடம் எல்லாம், இப்படியொரு பெண்ணைத் தலையில் கட்டிவிட்டார்கள், என் பிள்ளையாக இருக்கப்போய் வைத்துக் காப்பாற்றுகிறான் என்று சொல்லிச் சொல்லி, சாகும்போது மகனைப் பாதி மகானாக்கிவிட்டுத்தான் போனாள். சொந்தக்காரர் வீடுகளில் எல்லாருக்கும் மெத்தை போட்டால், இவளுக்கு மட்டும் ஓரத்தில் பாய் விழும். பிள்ளைகள் இவளுக்கு 'மழை அத்தை' என்று பெயர் வைத்தார்கள். பெரியவர்கள் அதட்டினார்கள், அதட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள்.

அவள் படுக்கையைக் காப்பாற்றக் கற்றுக்கொண்டது தனிக்கதை. முதல் விரிப்பைப் பட்டறையில் கிடைத்த இரண்டு தார்ப்பாய்த் துண்டுகளைச் சேர்த்துத் தைத்தாள். கை தேர்ந்த தையல்காரி, லாரிக்குத் தைக்கிற மாதிரியே நடுவில் மடித்து இரட்டைத் தையல் போட்டாள். லாரியின் மேல் தார்ப்பாய் கூரைபோல நிற்கும், தண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்துவிடும். மெத்தையில் ஆள் படுத்தால் நடுவில்தானே பள்ளம் விழும்? ஊசித் துளை வழியாக எல்லாம் கீழே இறங்கி, புது மெத்தை போயிற்று. தார்ப்பாய்க்காரியைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். அப்புறம் மழைக்கோட்டுக்கு வருகிற மெல்லிய ரப்பர் துணியில், ஒட்டே இல்லாமல், கட்டில் முழுக்க வருகிற மாதிரி ஒரே துண்டாக வெட்டினாள். ஓரத்தில் மட்டும் எலாஸ்டிக். மேலே துண்டுத்துணி, அதற்கு மேல் விரிப்பு. அதன்மேல் மறுபடியும் ஒரு ரப்பர், ஒரு துண்டுத்துணி, ஒரு விரிப்பு. நனைந்தால் மேல் அடுக்கை மட்டும் சுருட்டி எடுத்தால் போதும், கீழே காய்ந்த படுக்கை தயாராக இருக்கும். விளக்குப் போட வேண்டாம், பேச வேண்டாம். அவர் பாதித் தூக்கத்தில் எழுந்து நிற்பார், அவள் சுருட்டுவாள், அவர் மறுபடி படுப்பார். காலையில் சந்தைக்குப் போய் முழங்குவார்.

டாக்டரிடம் போகலாம், இதற்கெல்லாம் மருந்து இருக்கிறது என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள். என் குரலைத் தெரியாதவன் இந்த ஊரில் இல்லை, ஆஸ்பத்திரி வரிசையில் போய் இதைச் சொல்லச் சொல்கிறாயா என்று கேட்டார். நீயே போய் உனக்கென்று சொல்லி மருந்து வாங்கி வாயேன் என்றும் ஒரு முறை கேட்டார். கிண்டலுக்குச் சொல்கிறார் என்று அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

இத்தனையையும் அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாத இடம் இப்போதுதான் வந்தது. ஒரே மகள், வேறு ஊரில் வாழ்க்கைப்பட்டவள், நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். பிரசவம் அந்த ஊர் ஆஸ்பத்திரியில். அம்மா போய் இரண்டு மாதம் கூட இருந்து, குழந்தையைக் குளிப்பாட்டி, மகளைத் தேற்றிவிட்டு வர வேண்டும். பட்டறை மேஸ்திரியிடம் விடுப்புகூடச் சொல்லிவிட்டாள். குழந்தைக்கென்று கைக்குட்டை அளவில் சின்னச் சின்ன ரப்பர் விரிப்புகள் தைத்து, ஓரத்தை நகத்தால் தேய்த்துத் தேய்த்து மெதுவாக்கி வைத்திருந்தாள். சம்பந்தியம்மா மகளையும் அழைத்துக்கொண்டு ஏற்பாடுகளைப் பேச வருகிறாள் என்று தெரிந்தபோது, கணவரிடம் முதல் தடவையாகத் தனக்கென்று ஒன்று கேட்டாள். "அந்தப் பேச்சு அவங்க காதுக்கும் போயிருக்கும். இந்த ஒரு தடவை, அது எனக்கு இல்லைன்னு மட்டும் சொல்லிடுங்க. உங்களுக்குன்னு சொல்ல வேண்டாம்."

அவர் பாத்துக்கலாம் என்றார்.

அவர்கள் வந்த அன்று மத்தியானம், சாப்பிட்டு முடித்து எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது சம்பந்தியம்மா விஷயத்துக்கு வந்தாள். கெட்டவள் என்று சொல்ல முடியாது. மென்று முழுங்கித்தான் பேசினாள். தங்கள் வீட்டில் ஒதுக்கிக் கொடுக்க ஒரே அறைதான் இருக்கிறது, பச்சைக் குழந்தையும் அங்கேதான் படுக்க வேண்டும், அம்மாவுக்கு ஏதோ உடம்புச் சங்கடம் என்று கேள்விப்பட்டோம், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று இழுத்தாள். மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தார்ப்பாய்க்காரி கணவரைப் பார்த்தாள்.

ஏலக்காரர் தொண்டையைச் செருமினார். சந்தையில் பெரிய விலைக்கு முன்னால் செருமுகிற அதே செருமல்.

"அவ உடம்பு அப்படிங்க. என்ன பண்றது, கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து நான்தான் பாத்துக்கறேன். அவ இங்கயே இருக்கட்டும். கூடமாட ஒத்தாசைக்கு ஒரு நர்ஸ் பொண்ணை வெச்சுக்கலாம்."

சம்பந்தியம்மாவின் முகத்தில் அவர்மேல் மரியாதை வந்து உட்கார்ந்ததைத் தார்ப்பாய்க்காரி கண்ணால் பார்த்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. பொய் சொல்கிறவன் முகத்தில் ஒரு தடுமாற்றமாவது இருக்கும். அவர் முகத்தில் அதுவும் இல்லை. அவர் அதை நம்பிவிட்டார். அவள் செய்ததை எல்லாம் தான் செய்ததாக மனதுக்குள் எப்போதோ எழுதிக்கொண்டுவிட்டார்.

சாயங்காலம் மகள் அவளைத் தனியாகப் பார்த்து, ஏம்மா இத்தனை வருஷத்தில் ஒரு டாக்டரையாவது பார்த்திருக்கலாமே என்று ஆதங்கப்பட்டாள். அம்மா பட்டறைக் கத்தரிக்கோலை எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டிருந்தாள்.

படுக்கும் நேரத்தில் ஏலக்காரர் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். கட்டிலைப் பார்த்து நின்றுவிட்டார். ரப்பர் விரிப்பு நடுவில் நேராக வெட்டப்பட்டிருந்தது. சுவரோரமாக அவள் படுக்கும் பாதியில் மட்டும் ரப்பர், துண்டுத்துணி, விரிப்பு எல்லாம் ஒழுங்காக இருந்தன. அவர் பக்கம் வெறும் மெத்தை, அதன்மேல் ஒரு வெள்ளைத் துணி.

"இது என்ன?" என்றார்.

"யாருக்கு வியாதியோ அவங்க பக்கம் விரிச்சிருக்கேன்."

சத்தம் போடாதே என்றார். அவள் சத்தமே போடவில்லை. அடுத்த அறையில் சம்பந்தியம்மாவும் மகளும் படுத்திருந்தார்கள். சந்தையையே அதிரவைக்கிறவர், முழுசா விரி, விளையாடாதே என்று காற்றுக்குக்கூடக் கேட்காத குரலில் கெஞ்சினார். மீதிப் பாதி எங்கே என்று கேட்டார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவர் கொஞ்ச நேரம் நின்றார், கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார், எழுந்தார். பிறகு ஜன்னலோரம் இருந்த மர நாற்காலியில் போய் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டார். விடியும்வரை விழித்திருப்பதாக வைராக்கியம். அவளோ அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள். யாரையும் எழுப்ப வேண்டாம், எதையும் சுருட்ட வேண்டாம் என்று கல்யாணத்துக்குப் பிறகு அவள் தூங்கிய தூக்கம் அது ஒன்றுதான்.

வெளிச்சம் வந்த பிறகு அறையில் ஏதோ அரவம் கேட்டுக் கண் விழித்தாள். மகள் மாத்திரை எடுக்க வந்திருந்தாள் போலிருக்கிறது. அலமாரி பாதி திறந்து கிடந்தது. வயிற்றைத் தாங்கிக்கொண்டு, குனிய முடியாமல் குனிந்து, நாற்காலிக்கு அடியில் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏலக்காரர் பக்கத்தில் நனைந்த வேட்டியோடு நின்றார். வைராக்கியம் எந்நேரம் வரைக்கும் தாங்கியதோ. அவர் மகளின் முகத்தைப் பார்க்காமல் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மகள் நிமிர்ந்தாள். நாற்காலியைப் பார்த்தாள், கட்டிலில் ஒரு பாதி மட்டும் விரித்திருந்ததைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று அம்மாவுக்கும் தெரிந்துவிட்டது. அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. இனி நான் ஒன்றும் சொல்ல வேண்டாம், என் வயிற்றில் பிறந்தவள் பார்த்துக்கொள்வாள் என்று நினைத்தாள்.

அதற்குள் சம்பந்தியம்மா வாசற்படியில் வந்து நின்றாள். வாடை வந்திருக்க வேண்டும். என்னம்மா ஆச்சு, நீ ஏன் குனியறே என்று பதறினாள்.

"ஒண்ணுமில்ல அத்தை. அம்மாவுக்கு எப்பவும் போலத்தான்."

மகள் இதைச் சொல்லும்போது அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

தார்ப்பாய்க்காரி எழுந்தாள். தன் பாதியில் இருந்த விரிப்பையும் துண்டுத்துணியையும் ரப்பரையும் ஒன்றாக உருவித் தோளில் போட்டுக்கொண்டு, சம்பந்தியம்மாவைத் தாண்டி, பின்பக்கம் போய்க் கொடியில் வரிசையாக விரித்துப் போட்டாள். ஆறுதல் சொல்லப் பின்னாலேயே வந்த சம்பந்தியம்மா, விடுங்க, வயசானா எல்லாருக்கும் வர்றதுதான் என்றாள்.

"இதுதான் சம்பந்தி என்னோடது. தொட்டுப் பாருங்க."

சம்பந்தியம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. தயங்கித் தயங்கி இரண்டு விரலால் ஓரத்தைத் தொட்டாள். பிறகு உள்ளங்கையை வைத்தாள். விரிப்பு, துண்டுத்துணி, ரப்பர் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனாள். எல்லாம் காய்ந்து மொரமொரவென்று, பெட்டியிலிருந்து எடுத்த மாதிரி இருந்தன. வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தாள். குளியலறையில் வாளி வாளியாகத் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. விவரமான பொம்பளை, ஒரு கேள்வி கேட்கவில்லை. கையைப் புடவையில் துடைத்துக்கொள்ளவும் இல்லை. கொடியை விட்டுத் திரும்பிச் சொன்னாள்:

"நர்ஸெல்லாம் எதுக்கு? பிரசவத்துக்கு நீங்களே வந்துடுங்க சம்பந்தி."

தார்ப்பாய்க்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளை பிறந்ததும் முதலில் எதில் படுக்கவைப்பது என்பதுவரைக்கும் ஒரு நொடிக்குள் யோசித்துவிட்டாள். சின்ன விரிப்புகளை எடுத்துவரத் திரும்பினாள். பின்கதவில் மகள் நின்றிருந்தாள். கையில் ஈரத் துணி சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் பேசியதைக் கேட்டிருக்கிறாள். அவள் முகத்தில் இருந்த கோபம் அப்பாவின் மேல் இல்லை.

"அம்மா எப்படி அத்தை வருவாங்க?" என்றாள். "அப்பாவுக்கு இப்படி இருக்கும்போது, ராத்திரி அவரை யாரு பாத்துப்பா?"

சம்பந்தியம்மா வாயைத் திறந்து, அதுவும் நியாயம்தான் என்கிற மாதிரி மூடிக்கொண்டாள். மகள் கூடத்துக்குத் திரும்பும்போது, கையில் இருந்த ஈரத் துணியை அம்மாவிடம் நீட்டினாள். வாங்கக் கூடாது என்றுதான் அம்மா நினைத்தாள். நினைத்துக்கொண்டிருக்கும்போதே கை போய் வாங்கிக்கொண்டது. துணியைக் குழாயடியில் போட்டு, சோப்பை எடுத்து, கும்மிக் கும்மி அலசினாள். அலசுகிற அந்தக் கையைப் பார்க்கப் பார்க்கத்தான் அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.